நெடுந்தீவில் சிலிண்டர் கட்டி இறங்கலாமா?

ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நல்லூர்த் தேருக்குக் குடும்பத்தோடு வருகிறோம், இரண்டு கிழமை நிற்போம். சொந்த ஊர் புங்குடுதீவு. பிள்ளைகள் இருவரும் ஸ்கூபா டைவிங் செய்யவேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மூத்தவனுக்கு 16, இளையவளுக்கு 9. நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் செய்யலாமா, இல்லை மாலைதீவுக்குப் போய்த்தான் ஆகவேணுமா? எனக்கு 47 வயது. சின்ன வயதில் இழுப்பு (ஆஸ்துமா) இருந்தது, இப்போது இல்லை. அம்மா வேண்டாம் என்கிறா. ஆபத்தா?"

பார்த்தால் இடத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் அந்தக் கடைசி ஒற்றைச் சொல்லைக் கேட்பதற்காகத்தான் மிச்சம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதனால் இடத்தைக் கெதியாய்ச் சொல்லிவிட்டு, உடம்பைப் பற்றியும் உங்கள் பயண நாட்களின் ஒழுங்கைப் பற்றியும் கூடக் கதைக்கிறேன். நான் குருநகரில் பிறந்தவன். அப்பாவும் சித்தப்பாவும் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கியவர்கள். நான் மாலைதீவில் பதினொரு வருடம் டைவிங் பயிற்றுநராக இருந்துவிட்டு, இப்போது சித்திரை முதல் புரட்டாதி வரை நிலாவெளிப் பக்கம் வேலை செய்கிறேன். வைத்தியன் இல்லை. உங்கள் நெஞ்சைப் பற்றி நான் சொல்லப்போவதை வைத்தியரிடம் எடுத்துப் போகவேண்டிய கேள்விகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவுக்குக் கட்டாயம் போங்கள், சிலிண்டர் இல்லாமல். எங்களுக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் கிடக்கும் பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீற்றருக்குள் நிலம் தட்டிவிடும். கீழே சேறும் மணலும் சாதாழை என்கிற கடற்புல்லும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சாதாழையை மேய்ந்துதான் கடற்பசு வாழ்கிறது, அந்தச் சேற்றில்தான் கடலட்டையும் சங்கும். வங்காளத்துப் பெண்களின் கைவளையலுக்கு இங்கிருந்து எத்தனை காலமாகச் சங்கு போனது! ஆனால் சங்குக்கு வாய்த்த கடல் கண்ணுக்கு வாய்க்காது. நீங்கள் வரும் நேரம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். அடியிலுள்ள சேற்றைக் காற்றே கலக்கி மேலே கொண்டுவந்துவிடும், நீட்டிய கை மங்கலாகத்தான் தெரியும். மாசி, பங்குனியில், கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு வள்ளங்கள் போகும் காலத்தில், இதே கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடக்கும். அப்படியொரு நாளில் நெடுந்தீவின் வெளிப்புறப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், நானே இறங்கியிருக்கிறேன், நல்லாயிருந்தது. ஆனால் அது பழகினவர்கள் நாலு பேர் தங்கள் சிலிண்டரையும் ஒட்சிசனையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போன பயணம். ஒன்று நடந்தால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலக் கடல், அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் தரைவழி. முதன்முதலாக இறங்குபவரை நான் அங்கே கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.

மாலைதீவு வடிவுதான், மறுக்கவில்லை. எனக்குச் சோறு போட்ட இடம். ஆனால் அங்கே பேர்போன டைவ்கள் பெரும்பாலும் தீவுகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில், நீரோட்டத்தில் நடப்பவை. புதிதாக இறங்குபவருக்கு அந்த இடங்களை யாரும் காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது. ஹனிஃபாரு விரிகுடாவில் மந்தா திருக்கைகள் கூட்டமாய் வருவதைப் பிள்ளைகள் வீடியோவில் பார்த்திருப்பார்கள். அங்கே சிலிண்டரோடு இறங்கவே அனுமதி இல்லை, மேலே மிதந்துதான் பார்க்கவேணும். ஆக, முதல் டைவில் உங்கள் குடும்பம் காணப்போவது ஆறு மீற்றர் ஆழத்து மணலும் கொஞ்சம் பவளமும் நிறைய மீனும். அதற்கு இன்னொரு நாட்டுக்கு விமானம் ஏறத் தேவையில்லை.

ஆவணியில் இலங்கையில் டைவிங்குக்கு ஏற்ற பக்கம் கிழக்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் ஹிக்கடுவவும் உனவட்டுனவும் கற்பிட்டியும் கொந்தளித்துக் கிடக்கும். அவற்றின் காலம் கார்த்திகை முதல் சித்திரை வரை. அதே காற்று திருகோணமலைக்குத் தரையிலிருந்து கச்சான் என்கிற மேற்குக் காற்றாய் வருவதால் கரையோரக் கடல் அடங்கி நிற்கும், அதிலும் விடியக்காலையில். நிலாவெளிக்கு நேரே ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலை என்கிற புறாத்தீவு. 2003 முதல் அது தேசியப் பூங்கா. 1998 இல் கடல் சூடேறித் தென்மேற்கின் பவளப்பாறைகள் பெரும்பாலும் வெளுத்துச் செத்தபோது இந்தப் பக்கம் தப்பியது. ஆனால் அதன் பிறகு வந்த சனம் சும்மா விடவில்லை. முழங்கால் தண்ணீரில் ஆட்கள் பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதை நான் ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன், பார்க்கும்போது வாயில் நல்ல வார்த்தை வராது. விடிய முதல் வள்ளத்தில் போனால் கரைக்கு மிக அருகிலேயே கறுப்பு முனைச் செட்டையுள்ள சுறாக்கள், கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட, சுற்றிக்கொண்டு நிற்கும். அவை உங்களைக் கண்டு பயந்து விலகும். பத்து மணிக்குப் போனால் ஆட்களின் காலைத்தான் காண்பீர்கள்.

திருகோணமலையில் நிற்கும்போது கோணேசர் கோயில் மலையடிக் கடலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்கள் அங்கே நீருக்கடியில் கிடப்பதை 1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மூழ்கிக் கண்டார்கள். ஆமாம், விண்வெளிக் கதை எழுதின அதே கிளார்க்தான். இலங்கையில் குடியிருந்தவர், கடலுக்கடியில் நீந்துவது பாரமில்லாமல் மிதக்கும் விண்வெளி மாதிரி என்பதால் அதில் பைத்தியமாக இருந்தவர். உங்கள் மூத்தவன் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலைப் பற்றியும் கேட்பான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் குண்டுகளில் மூழ்கிய விமானந்தாங்கி அது. 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீற்றர்தான், அதுவும் நன்றாகப் பயின்றவர்களுக்கு. அவனை இப்போதைக்குப் படத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உடம்பு. கடலோரத்தில் வளர்ந்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள்: ஆழத்தில் தூண்டிலில் பட்ட கலவாய் மேலே வரும்போது வயிறு வீங்கி, வாய்வழியாக இரைப்பை பிதுங்கிக்கொண்டு நிற்கும். மீனுக்கு உள்ளே இருக்கும் காற்று, மேலே வர வர அழுத்தம் குறைவதால் விரிந்ததுதான் காரணம். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரில் இழுத்த ஒரு நெஞ்சுக் காற்று மேலே வந்தால் இரண்டு நெஞ்சுக் காற்று. நீங்கள் மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் கூடுதல் காற்று வாய்வழியாகப் போய்விடும். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியலாம். அதற்கு ஆழம் வேண்டியதில்லை, ஒன்றரை மீற்றரிலும் நடக்கும். "ஆழமில்லாத இடம்தானே" என்று யாராவது சொன்னால் நான் நின்று திருத்துவது அதனால்தான். காற்று மிகக் கூடுதலாக விரிவது மேலுள்ள அந்தப் பத்து மீற்றருக்குள்தான். டைவிங்கில் ஒரேயொரு விதியை மட்டும் சொல்லித்தா என்றால், எப்போதும் மூச்சு விட்டுக்கொண்டே இரு என்பேன். முத்துக்குளித்த எங்கள் ஆட்கள் மூச்சைப் பிடித்தார்கள், சரி. அவர்கள் மேலே இழுத்த காற்றையே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர்கள். சிலிண்டரில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

காதும் அதேதான், இறங்கும்போது தலைகீழாக. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்கவேணும், நோ வந்த பிறகு ஊதக்கூடாது. தடிமன் இருந்தால் இறங்காதீர்கள். குளிசை போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். நான் அந்த மடைத்தனத்தைச் செய்தவன். மாலைதீவில் ஒருநாள் ஆள் காணாது என்று, மூக்கடைப்புக் குளிசை போட்டு இறங்கினேன். இறங்கும்போது ஒன்றுமில்லை. அரை மணித்தியாலத்தில் குளிசையின் வேகம் குறைந்துவிட்டது, மேலே வரும்போது நெற்றிக்குள் அடைபட்ட காற்றுக்கு வழியில்லை. வள்ளத்தில் ஏறி மாஸ்கைக் கழற்றினால் அதற்குள் இரத்தம். கூட வந்த வெள்ளைக்காரி அழுதுவிட்டாள்.

உங்கள் இழுப்புக்கு வருகிறேன். இழுப்புள்ள நெஞ்சில் ஒரு மூலையில் காற்று அகப்பட்டுக்கொண்டால், மேலே வரும்போது அது விரிய வழியின்றி அங்கேயே கிழிக்கும் என்பதுதான் பயம். சிலிண்டர்க் காற்று ஈரமில்லாத வறண்ட காற்று. அதோடு பயம், குளிர், நீந்தும் களைப்பு. இழுப்பைக் கிளப்பும் சாமான்கள் எல்லாம் ஒரே இடத்தில். அதே நேரம், சின்ன வயதில் இருந்து பிறகு வராமலே போனவர்களுக்கு, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையில் சரியென்று வந்தால் அனுமதிக்கிற வைத்தியர்கள் உண்டு. அனுமதிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்குள்ளேயே ஒரே கருத்தில்லாத விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. கடைசியாக எப்போது வந்தது, ஓடினால் வருகிறதா, குளிரில் வருகிறதா, பம்ப் கடைசியாக எப்போது பாவித்தீர்கள் என்ற நாலையும் எழுதிக்கொண்டு கனடாவிலேயே உங்கள் வைத்தியரிடம் போங்கள். 47 வயது என்பதால் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டைவிங் சாவுகளில் கணிசமானவை இதயத்தால் வருபவை, கடலால் அல்ல. இங்கே வந்து, கடற்கரையில் தரும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு போட்டுவிட்டு இறங்குபவர்களை எனக்குத் தெரியும். "ஓம்" என்று போட்டால் வைத்தியர் கடிதம் கேட்பார்கள், ஒருநாள் வீணாகும், அவ்வளவுதான். படிவமே தராமல் சிலிண்டரைத் தூக்கித் தருகிற இடம் என்றால் காசு கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

இளையவளுக்கு 9 என்றால் கடலில் ஸ்கூபா இல்லை. பெரிய பயிற்சி நிறுவனங்களில் கடல் டைவுக்குக் குறைந்த வயது 10. அவளுக்கு மாஸ்கும் ஸ்நோர்க்கலும் மிதவைச் சட்டையும் போதும். சொன்னால் நம்பமாட்டீர்கள், புறாமலையில் சுறாவை முதலில் காண்பது பெரும்பாலும் மேலே மிதக்கிற சின்னப் பிள்ளைகள்தான். மூத்தவன் ஆசை வைத்திருந்தால் அவனுக்கு மூன்று நாலு நாள் பயிற்சியே எடுத்துக் கொடுங்கள். பாடத்தை அங்கிருந்தே படித்து முடித்துக்கொண்டு வரலாம். 200 மீற்றர் நிற்காமல் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேணும், முடித்தால் 18 மீற்றர் வரை இறங்கும் அட்டை கிடைக்கும். உங்களுக்கு, வைத்தியர் ஓம் என்றால், பயிற்றுநரின் கைப்பிடியில் போகும் அறிமுக டைவ். எல்லை 12 மீற்றர், நான் கூட்டிப்போனால் ஆறு எட்டோடு நிற்பேன்.

வள்ளம் ஏறமுதல் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். சிலிண்டர் பூட்டின பிறகு, ரெகுலேட்டரை (சிலிண்டர்க் காற்றைத் தரும் வாய்க்கருவி) வாயில் வைத்து நாலு மூச்சு இழுங்கள், கண் அழுத்தமானியில் இருக்கட்டும். முள் 200 பார் என்ற அழுத்த அளவில் அசையாமல் நிற்கவேணும். ஒவ்வொரு இழுவைக்கும் முள் கீழே விழுந்து திரும்ப ஏறினால், சிலிண்டரின் திறப்பு முழுதாகத் திறபடவில்லை என்று அர்த்தம். மேலே சமாளிக்கும், கீழே போனால் இழுக்கக் காற்று வராது. காற்றில் எண்ணெய் மணம், புகை மணம் வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். வள்ளத்தில் ஒட்சிசன் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், இருக்கு என்றால் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆள் என்றால் கோபிக்கமாட்டான், சந்தோசமாய்த் திறந்து காட்டுவான்.

இனி நாட்களின் ஒழுங்கு. இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். சித்தப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, தடி ஊன்றித்தான் நடக்கிறார். கடலட்டைக்கு ஒரு இரவில் நாலு, அஞ்சு சிலிண்டர் இறங்கின காலம். ஒருநாள் விடிய வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்து, "கால் ரெண்டும் என்ர காலில்லாத மாதிரிக் கிடக்கு" என்றார். மத்தியானத்துக்குள் சலமும் போகவில்லை. நரம்பில் காத்துப் பிடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்தார்கள். கூட்டாளிகள் திரும்பக் கடலில் இறக்கினால் சரிவரும் என்று கொண்டுபோய் இறக்கினார்கள், இன்னும் மோசமானது. நரம்பில் காற்று என்று ஊர்ச்சனம் சொன்னது ஒருவகையில் சரிதான். அழுத்தத்தில் மூச்சிழுக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், அல்லது திரும்பத் திரும்ப இறங்கினால், அது வெளியேற நேரமில்லாமல் குமிழாகிறது. முதுகுத்தண்டில் குமிழ் விழுந்தால் கால் போகும். மருந்து உடனடி ஒட்சிசனும், அழுத்தத்தைத் திரும்பக் கூட்டி மெல்லக் குறைக்கிற அழுத்த அறையும். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அந்த அறை இருக்கிறது. நீங்கள் செய்யப்போகும் எட்டு மீற்றர் டைவில் இந்த நோய் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. சித்தப்பா செய்தது வேறு தொழில். ஆனால் மூத்தவன் நாலு நாள் தொடர்ந்து இறங்குவான் என்றால் கணக்குப் பார்க்கவேணும்.

கணக்கு இதுதான்: ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறமுதல் குறைந்தது 12 மணித்தியாலம். பல நாள், பல டைவ் என்றால் 18. நான் எல்லோருக்கும் 24 என்றே சொல்கிறேன், ஞாபகத்தில் நிற்க லேசு. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் சின்ன விமானமும் விமானம்தான். பலர் தவறவிடுவது மலையை. திருகோணமலையில் காலை டைவ் அடித்துவிட்டு, பின்னேரம் வாகனம் பிடித்து நுவரெலியாவில் படுக்கப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நுவரெலியா 1,850 மீற்றருக்கு மேல். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறத்தாழ அந்த உயரத்துக்குச் சமம்தான். கண்டிக்குப் போவதென்றாலும் ஒரு இரவு கழியட்டும். யாழ்ப்பாணம் வரும் பாதையில் அந்தக் கவலையில்லை, வவுனியா வழியாக முழுக்கச் சமதரை.

அதனால் கட்டுநாயக்காவில் இறங்கி நித்திரைக் கணக்குச் சரியான பிறகு, நேரே திருகோணமலை. அங்கே நாலைந்து நாள், பிறகு யாழ்ப்பாணம், தேர், தீர்த்தம், தீவுகள், கடைசியில் விமானம். நல்லூருக்கு யாராவது விரதம் பிடித்தால் அந்த நாட்களில் டைவ் வேண்டாம். வெறுவயிறும் தண்ணீர் காணாத உடம்பும் கடலுக்கு ஆகாது.

ஆபத்தா? ஓம், மூச்செடுக்க முடியாத ஓரிடத்தில் மூச்செடுக்கிறோம், ஆபத்து இல்லை என்று சொன்னால் பொய். படிவத்தில் உண்மை எழுதி, பயிற்றுநரோடு, எட்டு மீற்றரில், மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால், அன்று உங்களுக்கு மிச்சமிருக்கும் ஆபத்தில் பெரும்பங்கு ஹபரணை வீதியில் முந்திக்கொண்டு வரும் தனியார் பஸ்ஸிலிருந்துதான் என்பது என் அனுபவம். புள்ளிவிவரம் இல்லை, அனுபவம். தண்ணீர் எத்தனை மீற்றர் தெளிவாயிருக்கும் என்று நாள் குறித்துச் சொல்லச் சொன்னால் மட்டும் முடியாது. முதல்நாள் மழை பெய்தாலே மாறிவிடும். அம்மாவை வள்ளத்தில் ஏற்றாமல் கரையில் விடாதீர்கள். கூட வந்து, குமிழ்கள் மேலே வருவதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் கரையில் நிற்பவர்களைவிட நிதானமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நெடுந்தீவுக்கு இளையவளை முன்னுக்கு நடக்க விடுங்கள். வீட்டுக்கு வீடு அங்கே மதில் முருகைக்கல். ஒல்லாந்தர் கோட்டையும் அதேதான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்போல, தேன்வதைபோல, மூளை மடிப்புப்போலக் கோலம் இருக்கும். ஒருகாலத்தில் உயிரோடிருந்த பவளம். புறாமலையில் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லிக் கையைக் கட்டி வைத்திருப்பீர்கள், இங்கே ஆசை தீரத் தடவட்டும். சோளகத்தில் வள்ளம் ஆடும், பிள்ளைக்குச் சத்தி வரலாம், மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போடுங்கள். கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்று குறிகட்டுவானிலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.